மசக்கை எல்லை மீறும்போது

“மசக்கைதானே, மூன்று மாதம் போனால் சரியாகிவிடும்” என்ற ஆறுதலைக் கேட்டுக் காத்திருந்து, ஒரு வாய்த் தண்ணீரும் வயிற்றில் தங்காத நிலையில் எங்கள் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகள் பலர். அவர்கள் முதலில் கேட்பது, “குழந்தைக்கு ஒன்றும் ஆகாதல்லவா?” என்பதே.

இயல்பான மசக்கை குழந்தையைப் பாதிப்பதில்லை. ஆனால் கர்ப்பிணிகளில் 100 பேரில் ஓரிருவருக்கு அது கடும் வாந்தி நோயாக மாறுகிறது. கருவுறுவதற்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவது அதன் முக்கிய அடையாளம். 50 கிலோ எடையுள்ளவர் இரண்டரைக் கிலோ இழந்தால், அது மருத்துவம் தேவைப்படும் நிலை.

இது மனப் பலவீனம் அன்று. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்னும் ஹார்மோனுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதை 2023இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

இந்நோயால் பிறவிக் குறைபாடுகள் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிப்பதாகத் தெரியவில்லை. குறைந்த எடையுடன் பிறத்தல், குறைமாதப் பிரசவம் ஆகியவையே நாங்கள் அஞ்சுபவை. கர்ப்பகாலம் முழுவதிலும் 7 கிலோவுக்கும் குறைவாக எடை கூடிய தாய்மாரிடம் இவை மிகுதி. ஆகவே, இழந்த எடையை மீட்பதே சிகிச்சையின் நோக்கம்.

மாத்திரை குழந்தையைப் பாதிக்கும் என்று அஞ்சிப் பலர் தவிர்க்கின்றனர். டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பாதுகாப்பான மருந்து. அது போதாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உள்ளன. வேறிடத்தில் குளுக்கோஸ் ஏற்ற நேர்ந்தால், பல நாள்களாக வாந்தி இருப்பதை அங்கே தவறாமல் கூறுங்கள். வைட்டமின் பி1 முதலில் தரப்படாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: “குழந்தைக்காகச் சாப்பிடு” என்று வற்புறுத்தாதீர்கள். தாளிக்கும் வாசனை எட்டாத இடத்தில் அவர் இருக்கட்டும். பிடித்ததைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்:
• 24 மணி நேரமாக உணவோ நீரோ தங்காமை
• சிறுநீர் மிகக் குறைதல், அடர்நிறமாதல்
• எழுந்தால் மயக்கம்
• வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி
• பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடல், குழப்பம்

உரிய காலத்தில் சிகிச்சை பெற்று எடை தேறிய தாய்மாரில் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெற்றெடுக்கின்றனர். எனவே மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திராதீர்கள்.