நிலம் அளப்பதில் பிசகு எவ்வளவு?

ஆரணி வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு ஒரு சென்ட் நிலமும் பெரிதுதான். "அளந்தால் அரை சென்ட் குறைகிறது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிவிட்டார்" என்று சண்டைக்குக் கிளம்புமுன், குறைந்தது நிலமா, அளவா என்று பார்த்தல் நலம்.

60 மீட்டர் நீளம், 33 மீட்டர் அகலமுள்ள நிலம் சுமார் 49 சென்ட். பழைய துணி டேப் இழுபட்டு 30 மீட்டருக்கு 15 செ.மீ. நீண்டிருந்தால், அளவு நூற்றுக்கு அரை பங்கு குறைவாகக் காட்டும். நீளம், அகலம் இரண்டிலும் இப்பிசகு சேருவதால் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய அரை சென்ட், குறையும். வரப்பு நகரவே இல்லை!

பிசகு இரு வகைப்படும். முதல் வகை, டேப்பைப் பிடிப்பதிலும் படிப்பதிலும் கூடியும் குறைந்தும் வருவது. ஒரே பக்கத்தை நான்கு முறை அளந்தபோது 60.02, 59.97, 60.04, 59.99 மீட்டர் வந்தால் சராசரி 60.005 மீட்டர். ஒரு முறை அளந்தால் சுமார் 3 செ.மீ. பிசகலாம், நான்கின் சராசரியில் அது பாதியாகும். இரண்டாம் வகை, டேப்பின் குறை. நூறு முறை அளந்தாலும் இது குறையாது. சரியான டேப்புடன் ஒப்பிட்டால்தான் தெரியும்.

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பத்தையும் குறித்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சங்கிலியும் வைத்திருந்தார்.

இன்றைய லேசர் கருவிக்கும் இதே விதிதான். ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தூரத்தைக் கணக்கிடுகிறது. கோணத்தில் 20 விநாடி பிசகினாலும் 100 மீட்டரில் 1 செ.மீ. விலகும், தூரம் கூடக் கூட விலகலும் கூடும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. எஃகு டேப்பையே பயன்படுத்துங்கள். பழையதைப் புதியதுடன் ஒப்பிடுங்கள்.

2. மேடு பள்ளத்தில் டேப்பை மட்டமாகப் பிடியுங்கள். சரிவோடு பிடித்தால் அளவு கூடும்.

3. போகும்போதும் வரும்போதும் அளந்து, சராசரி எடுங்கள்.

4. புலப்படத்தில் உள்ள அளவு மீட்டரா, லிங்கா என்று பாருங்கள். ஒரு லிங்க் சுமார் 20 செ.மீ.

வித்தியாசம் உங்கள் பிசகுக்குள் அடங்கினால் சண்டை வேண்டாம். அதைவிட அதிகமானால் எல்லைக்கல்லை அசைக்காமல், மனுக் கொடுத்து நில அளவையர் மூலம் அளந்துகொள்ளுங்கள்.