மிலாறுக் கரியும் லயத்துக் கானும்

லயத்துக் காம்பராக்களின் முன்னால் ஓடும் கானில் ஒருநாளில் என்னவெல்லாம் போய்ச் சேருகின்றது என்பதை நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசி களைந்த நீர், சட்டி பானை கழுவிய எண்ணெய் நீர், சவர்க்கார நுரை, பிள்ளையின் அழுக்குத்துணி அலசிய நீர் எல்லாமே அந்தக் கானில்தான். கான் ஓடையில் சேர்கின்றது. ஓடை ஆற்றில் சேர்கின்றது. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து நீர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கைக்குப் போகின்றது. தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றோடு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவரை வருகின்றது. ஆகவே இது மலையகத்துச் சகோதரிகளின் கவலை மட்டுமல்ல. மூதூர், வெருகல் பகுதி வாசகியருக்கும் இதில் பங்குண்டு. 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தையும் கண்ட குடும்பங்களுக்கு இந்தக் கானைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

நீர் கெட்டால் நோய் எப்படி வரும் என்பதற்கு 2007 இல் கம்பளையில் பரவிய செங்கமாரி ஓர் உதாரணம். மலக்கழிவு கலந்த நீரால் பரவும் ஈரல் அழற்சி அது. நோயாளியைப் பராமரிப்பதும் வேலைநாளை இழப்பதும் பெரும்பாலும் பெண்தான்.

இந்த நிலையில்தான் ‘பயோசார்’ எனப்படும் உயிர்க்கரி நமது கவனத்துக்கு வருகின்றது. பெயர் புதிது, பொருள் பழையது. விறகு, உமி, சிரட்டை, தேயிலைக் கழிவு போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் 300 முதல் 700 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கருக்கினால் கிடைப்பதே உயிர்க்கரி. காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். காற்றுக் குறைந்தால் கரியாக நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அக்கரி முழுவதும் உள்ளன. நிறம், மணம், எண்ணெய்ப்பசை, சில இரசாயனங்கள் அத்துளைகளின் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. சிரட்டைக் கரியை மேலும் பதப்படுத்தி நீர் வடிகட்டுவதற்கென்று ஏற்றுமதி செய்யும் தொழில் 1973 முதல் நமது நாட்டில் நடந்து வருகின்றது.

தேயிலைக் கழிவிலும் இலங்கை ஆய்வாளர்கள் கை வைத்துள்ளனர். அனுஷ்கா ராஜபக்ஷ, மெத்திகா விதானகே ஆகிய நமது நாட்டுப் பெண் விஞ்ஞானிகள் கொரிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கால்நடைகளுக்குக் கொடுக்கப்படும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீரிலிருந்து அகற்றத் தேயிலைக் கழிவின் கரி உதவும் என்பது அதில் தெரியவந்தது. 700 பாகையில் நீராவி செலுத்தித் தயாரித்த கரியே கூடுதலாக உறிஞ்சியது. 2016 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் தேயிலைக் கழிவுக் கரியையும் உமிக் கரியையும் கொண்டு காபோபியுரான் என்ற பூச்சிகொல்லியை அகற்றுவது பரிசோதிக்கப்பட்டது. உமி என்றதும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசகியர் அரிசி ஆலைப் பக்கம் குவிந்து கிடப்பதை நினைத்துக்கொள்வார்கள். நினைக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆய்வுகூடத்து நீராவிக் கரி வேறு, நமது அடுப்புக் கரி வேறு. வீட்டுக் கரி அவ்வளவு உறிஞ்சாது. எனினும் சமையலறைக் கழிவுநீருக்கு அது போதிய உதவி செய்யும்.

கரிக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு கிடைக்கும். இலையும் சிறு குச்சியும் அங்கேயே மக்கி மண்ணுக்கு உரமாக வேண்டியவை, அவற்றை வாரி வரக்கூடாது. தடித்த மிலாறு ஏற்கெனவே நமது அடுப்புக்கு வருகின்றது. சுமந்து வந்த விறகைக் கரிக்கென்று தனியாக எரியுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சுமை யார் தலையில் ஏறும் என்பது தெரிந்ததே. சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சும் தணலை இடுக்கியால் எடுத்து நீரில் போட்டால் போதும், அல்லது மூடியுள்ள தகரத்தில் அடைத்தாலும் சரி. சிரட்டைக் கரியால் உடுப்பு அழுத்திய நமது தாய்மாருக்கு இது புதிதல்ல. தகரத்தில் அடைப்பதானால் அதை வீட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். காற்றில்லாமல் அணையும் தணல் உயிருக்கு ஆபத்தான வாயுவை வெளிவிடும்.

சேர்ந்த கரியை மிளகு முதல் கடலை அளவு வரை உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, சாம்பல் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். அடியில் துளையிட்ட ஒரு பெரலில் முதலில் முட்டியளவு கற்கள், அதன்மேல் சல்லிக்கல், அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்குக் கரி, பின்னர் ஆற்று மணல், மேலே மீண்டும் சல்லிக்கல் என்று அடுக்குக. கழிவுநீரை நேரே ஊற்றாமல், சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப்பாடும் தங்குவதற்கு முன்னால் ஒரு வாளியில் துணி கட்டி வடித்து ஊற்றினால் பெரல் சீக்கிரம் அடைபடாது. மெதுவாக ஊற்றுவது முக்கியம். நீர் கரியோடு தங்கும் நேரந்தான் வேலையைச் செய்கின்றது.

வெளிவரும் நீர் தெளிந்தும் மணம் குறைந்தும் இருக்கும். வாழைக்கும் மரங்களுக்கும் விடலாம். குடிக்கக் கூடாது. கிருமிகளில் ஒரு பகுதியைத்தான் இது தடுக்கும். யாழ்ப்பாணக் கிணறுகளில் பிரச்சினையாக உள்ள நைத்திரேற்றைச் சாதாரணக் கரி பெரிதாகப் பிடிப்பதில்லை. பீலித் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் குடிப்பதைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும். கக்கூஸ் கழிவை இந்தப் பெரலுக்குள் விடவே கூடாது. அதற்கு ஒழுங்கான குழி வேண்டும். குழியும் கானும் கட்டித் தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பெரல் வைத்திருக்கின்றீர்களே என்று எவரும் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க இடம் கொடுக்கக் கூடாது.

சில மாதங்களில் மணம் திரும்பத் தொடங்கினால் கரி நிறைந்துவிட்டது என்று அறியலாம். பழைய கரியைச் சாணத்துடனும் இலைகுழையுடனும் கூட்டெருக் குவியலில் சேர்த்து மக்கவிட்டுத் தோட்டத்துப் பாத்திக்குப் போடலாம். புளிப்புத்தன்மை கூடிய மலையகத்து மண்ணில் போஞ்சிக்கும் கோவாவுக்கும் அது நல்லது. தேயிலைச் செடி புளிப்பு மண்ணையே விரும்புவதால் அதன் அடியில் அளவோடுதான். மருந்து தெளிக்கும் கலன் கழுவிய நீரை வடித்த கரியாக இருந்தால் மட்டும் காய்கறிப் பாத்தியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.