அழிச்சது நான்தான், தாத்தா!

உங்க வீட்டுப் பரண்ல பழைய ஆடியோ கேசட்டுகள் கிடக்குதா? 'இனிமே யாரு இதைக் கேட்கப் போறா?'னு எடைக்குப் போட்டுடாதீங்க. அட்வைஸ் பண்ண எனக்கு என்ன தகுதினு கேட்குறீங்களா? நான் அதைவிட மோசமான ஒரு வேலையைச் செஞ்சவன் பாஸ்!

எங்க சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். தாத்தா அங்கே டீக்கடை வெச்சிருந்தார். கடையில பாய்லருக்கு அடுத்த முக்கியமான ஐட்டம், ரேடியோ. அதுல எந்நேரமும் கொழும்புதான் பாடும். 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்'னு தாத்தா இன்னைக்கும் ஒரே மூச்சுல சொல்வார்.

நம்ம ஊர் ஸ்டேஷனை விட்டுட்டு எதுக்குக் கொழும்பு? அதுக்கு ரெண்டு காரணம் உண்டு. 1952-ல மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டுன்னாலே அலர்ஜி. அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடிடுச்சு. 1957 அக்டோபர் 3-ம் தேதி விவிதபாரதி வர்ற வரைக்கும் நிலைமை அதுதான். இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போர் சமயத்துல நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில அமைச்ச ஒலிபரப்பு வசதிகள், 1949-ல ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்துச்சு. எல்லாம் சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள். அயனி மண்டலத்துல மோதித் திரும்புற சிற்றலைக்கு கடலாவது, எல்லையாவது! பசியோட இருந்தவங்க வீட்டு வாசல்ல பந்தி போட்ட மாதிரி ஆகிப்போச்சு.

பாட்டு மட்டுமா? அதை வழங்கினவங்களும் ஸ்டார்தான். எஸ்.பி.மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், மின்னல் வேகத்துல பேசுற கே.எஸ்.ராஜா, 'பாட்டுக்குப் பாட்டு' பி.எச்.அப்துல் ஹமீதுனு பெரிய பட்டாளமே இருந்திருக்கு. காலையில 'பொங்கும் பூம்புனல்'. ஒரு கதையைச் சொல்லி, நடுநடுவே அதுக்குப் பொருத்தமான பாட்டைக் கோக்குற 'இசையும் கதையும்'. கே.எஸ்.ராஜா 1980-களின் கடைசியில கொழும்புல கொலை செய்யப்பட்டார். அந்தச் செய்தி கேட்ட அன்னிக்குக் கடையில ரேடியோவே போடலைனு தாத்தா சொன்னார்.

சரி, அந்த நிகழ்ச்சிகள் எல்லாம் இப்போ எங்கே? பாதிக்கு மேல காத்தோட போனதுதான். நேரடியா ஒலிபரப்பானதை யாரும் பதிவு பண்ணலை. பதிவு பண்ணின ஸ்பூல் டேப்பும் விலை அதிகம். அதனால, ஒரு நிகழ்ச்சி முடிஞ்சதும் அதே டேப்புல அடுத்ததைப் பதிவு பண்றது உலகம் முழுக்க இருந்த பழக்கம். பி.பி.சி-யே இப்படி நிறைய இழந்திருக்கு. அமெரிக்காவின் பழைய ரேடியோ நாடகங்கள் இவ்வளவு தப்பிச்சதுக்குக் காரணம், அவங்க 16 அங்குல இசைத்தட்டுல பதிவு பண்ணினதும், அதை ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்த்ததும்தான். நம்ம ஊர்ல அந்த வேலையைச் செஞ்சவங்க, தாத்தா மாதிரி 'டூ-இன்-ஒன்' வெச்சிருந்த டீக்கடைக்காரங்க.

தாத்தாகிட்ட 27 கேசட் இருக்கு. அதுல ஒண்ணு, 1981-ல பதிவு பண்ணின நேயர் விருப்பம். அப்பாயி போஸ்ட் கார்டு எழுதிப் போட்டு, அவங்க பேரை ரேடியோவுல வாசிச்ச நாள்! யாரும் மேல பதிவு பண்ணிடக் கூடாதுனு கேசட்டோட முதுகுல இருக்குற குட்டி பிளாஸ்டிக் துண்டை அன்னிக்கே தாத்தா உடைச்சு வெச்சிருந்தார்.

2010-ல எனக்கு அஞ்சு வயசு. 'டேப்புல என் குரலைக் கேட்கணும்'னு அடம். அப்பா கையில கிடைச்ச கேசட்டை எடுத்து, உடைஞ்ச ஓட்டை மேல செலோ டேப்பை ஒட்டி, ரெக்கார்டு பட்டனை அமுக்கிட்டார். நான் 'நிலா நிலா' ரேஞ்சுக்கு ஏழு நிமிஷம் கச்சேரி பண்ணிட்டேன்.

போன செமஸ்டர் லீவுல எல்லா கேசட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்த உட்கார்ந்தப்போதான் விஷயமே தெரிஞ்சுது. இ.சி.இ. படிக்கிறவன் இல்லையா... ஏதாவது சாஃப்ட்வேர்ல மீட்டுடலாம்னு நினைச்சேன். எங்க சார் சிரிச்சார். "எரேஸ் ஹெட்டைத் தாண்டிப் போனா எதுவும் மிஞ்சாதுப்பா."

மத்த 26 கேசட்டும் பிழைச்சுடுச்சு. நீங்களும் செய்யலாம், ரொம்ப சிம்பிள்:

* பூஞ்சை பிடிச்சிருந்தா ஓட்டாதீங்க. டேப்பும் போகும், பிளேயரும் போகும்.
* பிளேயர் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல பஞ்சைத் தொட்டுத் துடைங்க. நல்லா காஞ்ச பிறகு ஓட்டுங்க.
* சத்தம் மந்தமா வந்தா, ஹெட் பக்கத்துல இருக்குற சின்ன ஸ்க்ரூவை லேசாத் திருப்புங்க. எங்கே சத்தம் பளிச்சுனு கேட்குதோ, அங்கே நிறுத்துங்க.
* எம்.பி.3 வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். ஸ்டீரியோவுல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜி.பி. ஆகும், அவ்வளவுதான்.
* மூணு காப்பி எடுத்து, ஒண்ணை வேற வீட்டுல வைங்க.
* தேதி, நிகழ்ச்சி பேரெல்லாம் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு எழுதிடுங்க.

கடைசியா அந்த 27-வது கேசட். தாத்தாகிட்ட எப்படிச் சொல்றதுனு தெரியாம, நேரா போட்டுக் காட்டிட்டேன். என் கத்தல் ஓடுது. அவர் முகத்தைப் பார்க்கவே பயம். நாலாவது நிமிஷத்துல, தூரத்துல ஒரு குரல்... "போதும்டா கண்ணு, சோறு ஆறிப்போவுது பாரு."

அப்பாயி! அவங்க இறந்து ஆறு வருஷமாச்சு. அவங்க குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்லை.

தாத்தா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ரேடியோவுல பேரு வந்த அன்னிக்கு, தெரு முழுக்கப் போய்ச் சொல்லிட்டு வந்தாடா"னார். அது போனது போனதுதான். என்னால திருப்பித் தர முடியாது.

"இன்னொரு தடவை போடு"ன்னார்.

ரீவைண்ட் பண்றதுக்கு முன்னாடி, முதல் வேலையா அந்த செலோ டேப்பைப் பிச்சுப் போட்டேன்.