நாய்க்கும் தையல் நோகும்

திருப்பதியிலோ சித்தூரிலோ காது நுனியில் வெட்டுள்ள தெரு நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். இம்முறைக்கு முன்னோடி சென்னைதான். கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் 1964-ல் இதைக் கையிலெடுத்தது. மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு இதற்கு மாறியது 1996-ல். மத்திய அரசின் விதிகள் 2001-ல் வந்தன.

எத்தனை நாய்களுக்கு ஆபரேஷன் என்ற கணக்கு எங்கும் கிடைக்கும். அதன்பின் அந்த ஜீவன் படும் பாட்டைக் கேட்பவர் குறைவு. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பது லேசான காரியமா? வீட்டுப் பெண்மணிக்கு அது நடந்தால் எத்தனை நாள் படுக்கை!

கத்தாத நாய்க்கு வலியில்லை என்பது தப்புக் கணக்கு. அந்நிய மனிதர்களுக்கு நடுவே தெரு நாய் நோவைக் காட்டிக்கொள்ளாது. முதுகை வளைத்து மூலையில் கிடக்கும், சோறு தொடாது, தையலையே நக்கும். பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் இந்த அறிகுறிகளுக்கு மார்க் போட அட்டவணையே வகுத்திருக்கிறார்கள். 24-க்கு 6 வந்துவிட்டால் மருந்து தேவையா என்று பார்க்க வேண்டும். குறைந்த மார்க் வாங்கினால் சந்தோஷப்படும் பரீட்சை இது ஒன்றுதான்!

காப்பகங்களில் சைலசின், கெட்டமின் மருந்துகளால் மயக்குவது சகஜம். சைலசினின் வலி நிவாரணம் சீக்கிரமே விட்டுப்போகும், தூக்கமோ நீடிக்கும். அயர்ந்து கிடக்கும் நாய் சுகமாக இருப்பதாக நினைப்பது அதனால்தான் ஆபத்து. கத்தி படுமுன்பே வலி மருந்து கொடுத்து, வெட்டும் இடத்தை லிக்னோகைன் ஊசியால் மரக்கச் செய்தால் பின்வரும் வேதனை வெகுவாகக் குறையும். மார்பின் போதை மருந்துச் சட்டத்தில் அடங்கியது. 2018 முதல் டிரமடாலும் அப்படியே. லைசென்ஸ், பதிவேடு என்று அலைய முடியாத சிறு காப்பகங்களுக்கு மெலாக்சிகம் கைகொடுக்கிறது. நாளுக்கு ஒரு வேளை போதும், விலையும் மலிவு. பிணந்தின்னிக் கழுகுகளை மாய்த்த டைக்ளோஃபினாக், 2006-ல் கால்நடைகளுக்குத் தடையானபோது மாற்றாக வந்ததும் இதே மருந்துதான்.

தெருவுக்குத் திரும்பிய நாய் சோர்ந்து கிடந்தால், இரக்கப்பட்டுத் தங்கள் மாத்திரையையே பிஸ்கட்டில் பொதிந்து கொடுப்போர் உண்டு. இபுபுரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தையல் வீங்கினாலோ நீர் வடிந்தாலோ, பிடித்துச் சென்றவர்களுக்கு உடனே சொல்லியனுப்பலாம். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.