மறதிநோயும் வீட்டாரின் பொறுமையும்

திருப்பனந்தாள் செஞ்சடையப்பர் கோயிலின் தலவரலாற்றை இவ்வட்டாரத்தில் அறியாதார் அரியர். மாலை சாத்த வந்த தாடகையின் ஆடை நெகிழ்ந்தது (இராமாயணத் தாடகை வேறு, இவள் வேறு). கைகளில் மாலையுடன் அவள் தவித்தபோது இறைவன் தலை சாய்த்து அதனை ஏற்றான் என்பர். சாய்ந்த இலிங்கத்தை நிமிர்த்த யானைகளால் இயலவில்லை. குங்கிலியக்கலயர் கயிற்றைத் தம் கழுத்தில் பூட்டி இழுக்கவே நிமிர்ந்தது. மறதிநோய் கண்ட முதியோரின் குடும்பத்தாருடன் பேசும்போதெல்லாம் இக்கதை எங்கள் நினைவுக்கு வருகிறது.

மறதிநோயின் பெரும்பான்மையான அல்சைமர் நோயில், புதிய செய்தியைப் பதிந்துகொள்ளும் மூளைப்பகுதி தொடக்கத்திலேயே பழுதடைகிறது. எனவே, "நான் சாப்பிட்டேனா?" என்று அம்மா பத்தாம் முறை கேட்பது பிடிவாதமன்று, அவருக்கு அது முதல் முறையே. அதட்டினால், நீங்கள் சொன்ன சொல் மறந்துபோகும். அச்சம் மட்டும் நெஞ்சில் தங்கிவிடும். தவற்றைத் திருத்துவதைவிட, சிறிது காபி கொடுத்துவிட்டுக் கீரை ஆயவோ துணி மடிக்கவோ அழைப்பது பயன் தரும். மடிப்பு கோணலானால் இருக்கட்டும். அவர் கண்ணெதிரே பிரித்து மீண்டும் மடிக்காதீர்கள்.

குளிக்க மறுத்தால் அன்று வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாலே போதும். கட்டிலோடு துண்டால் கட்டிவைப்பதை நாங்கள் அறவே ஏற்பதில்லை. அதனால் படுக்கைப்புண் வரும். திமிறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பமோ சீற்றமோ மிகுந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சொல்லத் தெரியாத வலி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். உடனே அழைத்து வாருங்கள். கடையில் தூக்கமாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையில் விழுகின்றன. இரவெல்லாம் விழித்தவர் ஒருநாள் கடிந்து பேசிவிட்டால் அவர் அன்பற்றவர் ஆகிவிடுவதில்லை. சினம் மேலிடும்போது முதியவரைப் பாதுகாப்பாக அமர்த்திவிட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். கை ஓங்கும் அளவுக்கு வந்துவிட்டதெனில் எங்களிடம் மறைக்க வேண்டாம். அது உதவி தேவை என்பதன் அறிகுறி. வெளியூரிலிருந்து பணம் மட்டும் அனுப்பும் உடன்பிறந்தோர் ஆண்டில் சில நாட்களேனும் வந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதியோருக்கான அரசின் கட்டணமில்லா உதவி எண் 14567.

அடுத்த முறை வரும்போது, முதியவரைப் பற்றி விசாரித்த பின் நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்றும் கேட்போம். மெய்யான கணக்கைச் சொல்லுங்கள்.