ஏணி விபத்துகள்: கேலிக்கு அஞ்சி உயரத்தில் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாளர்கள்

தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் தில்லி, லக்னௌ, பாட்னா போன்ற வட இந்திய நகரங்களில் பெயின்ட் அடிக்கும் தொழிலாளர்களுக்கு ஓய்வே இருப்பதில்லை. பண்டிகைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்கள் அவசரப்படுத்துகின்றனர். கோடையில் இதே அவசரம் ஏ.சி. பொருத்துவோரையும் பழுதுபார்ப்போரையும் துரத்துகிறது. இரண்டு பருவங்களிலும் மாறாமல் இருப்பது ஓர் ஏணி, அதன்மேல் நிற்கும் ஒருவர், கீழே நின்றபடி 'சீக்கிரம் முடி, ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் இன்னொருவர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் விபத்து மரணங்கள் குறித்து ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், உயரத்திலிருந்து விழுந்து இறந்தோர் தனிப் பிரிவாகப் பதிவு செய்யப்படுகின்றனர். அந்த எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அவர்களில் ஏணியிலிருந்து விழுந்தோர் எத்தனை பேர் என்பது அதில் பிரித்துக் காட்டப்படுவதில்லை. விழுவதற்குச் சற்று முன்பு கீழே நின்றவர் என்ன சொன்னார் என்பதைக் குறிக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. பல விபத்துகளின் தொடக்கம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

முக்கால் நொடி

பல மாடிக் கட்டடத்திலிருந்து விழுந்தால்தான் உயிருக்கு ஆபத்து என்ற எண்ணம் தொழிலாளர்களிடையே பரவலாக உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். 3 மீட்டர் என்றால் அந்த வேகம் 27 கிலோமீட்டரைத் தாண்டும். விழுவதற்கு ஆகும் நேரம் முக்கால் நொடிக்குச் சற்று அதிகம். எதையாவது பற்றிக்கொள்ளவோ தலையைக் காத்துக்கொள்ளவோ அந்த அவகாசம் போதாது. சாதாரண வீட்டு அறையின் கூரை உயரமே ஏறத்தாழ 3 மீட்டர்தான். தலை முதலில் தரையில் மோதினால் அதைவிடக் குறைந்த உயரமும் உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஏணியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான விதிகள் கடினமானவை அல்ல. ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 4-க்கு 1 என்ற இந்த விகிதம் ஏறத்தாழ 75 பாகைச் சாய்வைத் தருகிறது. அதைவிடப் படுக்கையாக வைத்தால் அடி வழுக்கும். செங்குத்தாக வைத்தால் ஏறுபவர் பின்னோக்கிச் சாய்வார். மொட்டை மாடிக்கு ஏறுவதற்கான ஏணி, மாடி விளிம்புக்கு மேல் ஒரு மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இறங்கும்போது கைக்குப் பிடி வேண்டுமல்லவா? ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகள், இரு கால்கள் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையில் பெயின்ட் வாளியுடன் ஏறுபவரால் இதைக் கடைப்பிடிக்க இயலாது. வாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வதே முறை.

அதிகம் மீறப்படும் விதி, பக்கவாட்டில் எட்டக் கூடாது என்பதாகும். தொழிலாளியின் தொப்புள் ஏணியின் இரு கால்களுக்கு இடையிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டி உடலை நீட்டினால் எடை ஒரு பக்கம் குவிந்து ஏணி கவிழும். அரை அடி எட்டினால் முடிந்துவிடும் வேலைக்காகக் கீழே இறங்கி, ஏணியை நகர்த்தி, மீண்டும் ஏற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பவர் அந்த நிமிடங்களைப் பணமாகத்தான் பார்ப்பார்.

மூங்கில் ஏணிக்கும் அலுமினிய ஏணிக்கும் தனித்தனி ஆபத்துகள் உண்டு. மூங்கிலில் கணுவை ஒட்டி ஓடும் மெல்லிய வெடிப்பு கண்ணில் படவேண்டும். அதனால்தான் மர ஏணிகளுக்கும் மூங்கில் ஏணிகளுக்கும் பெயின்ட் பூசக் கூடாது என்பர். பழைய ஏணியைப் புதிதுபோல் காட்டும் பூச்சு, வெடிப்பையும் சேர்த்து மறைத்துவிடும். அலுமினிய ஏணி இலேசானது. ஆனால் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும். பழைய தில்லி போன்ற குறுகிய தெருக்களில், பால்கனிக்குக் கைக்கெட்டும் தொலைவில் மின்கம்பிகள் செல்லும் இடங்களில், அதைத் தூக்கி நிமிர்த்துவதே ஏறுவதைவிட ஆபத்தான வேலையாகிவிடுகிறது. மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3696 தரநிலையின் இரண்டாம் பகுதி ஏணிகளுக்கான பாதுகாப்பு நெறிகளை 1991-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. அனுபவமுள்ள எந்த மிஸ்திரியைக் கேட்டாலும் இவற்றில் பாதியையாவது சொல்லிவிடுவார். அப்படியிருந்தும் அவை ஏன் கடைப்பிடிக்கப்படுவதில்லை?

அறியாமை அல்ல, வெட்கம்

வட இந்திய நகரங்களின் 'லேபர் சௌக்'குகளிலும் மும்பையின் 'நாக்கா'க்களிலும் அதிகாலையில் தினக்கூலிகள் வரிசையாக நிற்கின்றனர். ஒப்பந்ததாரர் வந்து ஆள்களைத் தேர்ந்தெடுக்கிறார். நேற்று ஏணியைப் பிடிக்க ஆள் கேட்டவர், ஈரத் தரையில் ஏற மறுத்தவர் இன்று 'மெதுவான ஆள்' என்று பெயர் பெறுகிறார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் மறுநாள் கூலி நிச்சயமில்லை. கேலியும் பசியும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சக தொழிலாளர்களின் தூண்டுதலை வெறும் விளையாட்டுத்தனமாகப் பார்ப்போர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தூண்டுதல் பெரும்பாலும் சவாலாக வெளிப்படுவதில்லை. 'ஏறு பார்க்கலாம்' என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் தலைக்கவசத்தின் தாடைப் பட்டையை மாட்டும்போது ஒரு புன்சிரிப்பு. பெல்ட்டைக் கேட்டால் 'ஊரில் மரம் ஏறினதில்லையா?' என்றொரு கேள்வி. அவ்வளவுதான். பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்கள் பலர் உறவினரோ ஊர்க்காரரோ அழைத்து வந்து வேலையில் சேர்த்தவர்கள். பயந்தவர் என்ற பெயர் தமக்கு மட்டுமன்றி, அழைத்து வந்தவருக்கும் தலைகுனிவு என்று அவர்கள் கருதுகின்றனர். தொழில் கற்றுத் தரும் 'உஸ்தாத்' வெறுங்காலுடன் ஏணியின் கடைசிப் படியில் நின்று வேலை செய்யும்போது, சீடர் செருப்பையும் பெல்ட்டையும் பற்றிப் பேசுவது ஆசானைத் திருத்துவது போலாகிவிடும்.

கூட்டத்தின் கருத்து தனிமனிதரை எந்த அளவுக்கு வளைக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகள் காட்டின. கோடுகளின் நீளத்தை ஒப்பிடுவதுதான் தேர்வு. விடை கண்ணெதிரே தெளிவாக இருக்கும். உடனிருந்தோர் முன்கூட்டியே பேசிவைத்தபடி தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையாவது அதை ஒப்புக்கொண்டனர். அங்கே பணயமாக எதுவும் இல்லை. கூலி இல்லை, சொந்த ஊர் மானமும் இல்லை. அப்படிப்பட்ட சூழலிலேயே மனிதர் வளைகிறார் என்றால், லேபர் சௌக்கில் நிற்பவரைக் குறை கூறுவது எளிதன்று.

அதே சோதனையின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தவறுக்குப் பணிவோரின் அளவு வெகுவாகக் குறைந்தது. அனைவரும் மாற வேண்டியதில்லை. துணைக்கு ஒரு குரல் போதும்.

'இத்தனை நாள் ஆகாதது...'

'இருபது ஆண்டுகளாக இப்படித்தான் ஏறுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது உயரத்தில் வேலை செய்வோரிடம் அடிக்கடி கேட்கும் வாதம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவர் நலமாக அங்கே நிற்கிறார். விழுந்து இடுப்பொடிந்தவர் தேநீர்க் கடைக்கு வந்து தம் அனுபவத்தைச் சொல்வதில்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே புதிதாக வரும் இளைஞரின் காதில் விழுவதெல்லாம் தப்பித்தவர்களின் கதைகள் மட்டுமே.

ஒரு கணக்குக்காக, முறையின்றி வைத்த ஏணியில் ஒருமுறை ஏறும்போது விழும் வாய்ப்பு 10,000-இல் 1 என்று கொள்வோம். நாளொன்றுக்கு 20 முறை, ஆண்டில் 300 நாள் ஏறினால் மொத்தம் 6,000 ஏற்றங்கள். அந்த ஓராண்டில் ஒருமுறையாவது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. ஒவ்வோர் ஏற்றத்திலும் 'ஒன்றும் ஆகாது' என்பது ஏறக்குறைய உண்மை. ஓராண்டைச் சேர்த்துப் பார்த்தால் அது நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்கு ஒப்பானது.

1986-இல் வெடித்துச் சிதறிய 'சேலஞ்சர்' விண்கலம் குறித்து ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், விதிமீறல் மெல்ல மெல்ல வழக்கமாகிவிடும் போக்கை விரிவாக எடுத்துக்காட்டினார். குறை தெரிந்தும் ஏவிய ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியது. அதனால் குறையே இயல்பானதாகத் தோன்றத் தொடங்கியது. தேர்ந்த பொறியாளர்களுக்கு நேர்ந்ததே மூங்கில் ஏணியின் அடியிலும் நேர்கிறது.

சட்டம் எட்டும் தொலைவு

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, கடும் காயமோ உயிரிழப்போ உடனடியாக நேரக்கூடும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியின் கவனத்துக்கும் ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுசெல்லும் உரிமையை அளிக்கிறது. எனினும் 10 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் கட்டுமானப் பணிகளும், குறிப்பிட்ட செலவு வரம்புக்கு உட்பட்ட சொந்த வீட்டுப் பணிகளும் அதன் கட்டுமானப் பணி வரையறைக்குள் வருவதில்லை. ஏணிகள் மிகுதியாகச் சாய்த்து வைக்கப்படுவது அத்தகைய வீடுகளில்தான்.

இழப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் விதிப்படி, பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று காட்டி முதலாளி இழப்பீட்டை மறுக்க இயலும். மரணம், நிரந்தர முழு ஊனம் ஆகிய நேர்வுகளில் மட்டும் அந்த வாதம் செல்லாது. கேலிக்கு அஞ்சிப் பெல்ட்டைக் கழற்றியவர் கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தால், கழற்றியது யார் என்ற கேள்வி அவரை நோக்கியே திரும்பும். சிரித்தவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

மெட்ரோ ரயில் போன்ற பெரிய திட்டங்களில் உயரத்தில் ஏறுவதற்கு முன் எழுத்து மூலமான அனுமதி, பெல்ட் பரிசோதனை, மேற்பார்வையாளர் கையொப்பம் ஆகியவை கட்டாயம். அங்கே பெல்ட் இல்லாமல் ஏறுபவர்தான் கேலிக்கு உள்ளாகிறார். அதே தொழிலாளி ஒப்பந்தம் முடிந்து சிறிய வீட்டு வேலைக்குச் செல்லும்போது மீண்டும் வெறுங்கையுடன் ஏறுகிறார். மாறியது மனிதரல்ல, அவரைச் சுற்றி நிற்பவர்கள். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தில் கட்டப்படும் பதாகைகளும் எடுக்கப்படும் உறுதிமொழிகளும் அதிகம் சாதிக்காததற்குக் காரணம் இதுவே. அவை தனிமனிதரிடம் பேசுகின்றன, குழுவிடம் பேசுவதில்லை.

சில எளிய நடைமுறைகள் குழுவையே மாற்றக்கூடியவை. ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் யாரும் ஏறுவதில்லை என்பதை மிஸ்திரி முதலில் தமக்கே விதியாக்கிக்கொண்டால், இளைஞர் வாய்திறந்து கேட்கவேண்டிய தேவை எழாது. ஏணியை நகர்த்தும் நேரத்தையும் சேர்த்தே கூலி பேசினால் எட்டிப் பிடிக்கும் ஆசை குறையும். வீட்டு உரிமையாளருக்கும் பங்குண்டு. மேசைமீது ஸ்டூல், ஸ்டூல்மீது ஏணி என்று அடுக்குவதைப் பார்த்தும் பேசாமல் இருப்பவர் மறைமுகமாக ஒப்புதல் தருகிறார். 'நாளைக்கு முடித்தாலும் பரவாயில்லை' என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, ஏறத் தயங்கியவருக்குச் சாக்காக உதவும். முதலில் மறுத்தவர் என்ற பெயர் தொழிலாளிமீது விழாது.

விழுந்த பிறகும் வெட்கம் விடுவதில்லை. கீழே விழுந்தவர் சுற்றி நிற்போரைப் பார்த்து உடனே எழ முயல்வார், 'ஒன்றுமில்லை' என்பார். சக தொழிலாளர்கள் கை கால்களைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே நிரந்தர முடக்கத்துக்குக் காரணமாகலாம். அவரை அசைக்காமல், தலையும் கழுத்தும் நகராதபடி பிடித்துக்கொண்டு 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். எழுந்து நடந்துவிட்டவராயினும், அடுத்த சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், கடும் தலைவலி, பேச்சில் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மூளைக்குள் இரத்தக்கசிவு இருக்கக்கூடும். அத்தகைய இரவில் அவரைத் தனியே உறங்க விடாமல், அறையில் உடன் தங்குவோர் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.