தேர்வுக் காலத்துச் சோர்வுக்கு என்ன மருந்து?

தேர்வு நெருங்கினால் மெடிக்கல் ஷாப்புகளில் இந்த இரண்டு கேள்விகளும் வரும். தூக்கம் வராமல் இருக்க மாத்திரை உண்டா? அது வேண்டாமென்றால், ஞாபக சக்திக்கு இயற்கையாக ஏதாவது?

முதல் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. அப்படி விழித்திருக்கக் கேட்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், 'ஷெட்யூல் எக்ஸ்' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் இரண்டு பிரதி சீட்டு எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு அது பெரிய உதவி. மற்றவர்கள் விழித்திருக்கலாம், அவ்வளவுதான். படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் காவல் இல்லை. 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?' என்று அஸ்வகந்தா வாங்கிப் போகிறார்கள். நம் அமுக்கராதான் அது. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது; ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் யோசிக்க வேண்டும். கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் தடையே விதித்தது. சித்த மருத்துவர் உடல்வாகு பார்த்து, அளவும் அனுபானமும் சொல்லித் தந்தால் அது வேறு விஷயம். நீர்ப்பிரம்மிக்கு ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது, சுமார் 12 வாரம் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு. தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்கி என்ன பயன்?

மாத்திரையா மூலிகையா என்ற இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. 'எப்பப் பார்த்தாலும் தூங்கி வழியறா' என்று திட்டு வாங்கும் பிளஸ் டூ பெண்ணின் ரத்தத்தை யார் பார்த்தார்கள்? தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கணக்கில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவது, தலைசுற்றல், பாடத்தில் மனம் நிற்காமை எல்லாம் அதன் அறிகுறிகள். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்று வீட்டில் கேட்பதுகூட இல்லை. மூலிகைப் பவுடர் டப்பா மட்டும் வந்துவிடுகிறது.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். கூடவே தைராய்டு, பி12. வாங்கிய டப்பாவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். இரும்பு உடலில் சேர்வது குறையும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் தூக்கிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும். பயந்து நிறுத்த வேண்டாம்.